பத்துப் பேர் இருந்தால் ஆட்டம்

ஜூன் 1, ஞாயிறு

காசிமேடு 18, வியாசர்பாடி 10.

எங்கள் பெண்கள் ரக்பி லீக் ஒரு சீசன்கூடத் தாண்டாது என்றார்கள். இன்று இரண்டாவது சீசன் தொடங்கிவிட்டது. அப்படிச் சொன்னவர்களில் இரண்டு பேரைக் கொருக்குப்பேட்டை மைதானத்துக் கம்பிவேலி ஓரம் பார்த்தேன். வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நின்றார்கள். காசிமேடு அணியின் கேப்டன் என்ற முறையில் அவர்களுக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

இந்த வருஷம் உள்ளூர் கேபிள் சேனல் எல்லா ஆட்டத்தையும் காட்டுகிறது. கீழ்வீட்டு சரசக்கா வாழ்க்கையில் முதல்முறையாக ரக்பி பார்த்துவிட்டு, படியேறி வந்து விளக்கம் கேட்டார். பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டித் தரையில் வைக்க வேண்டும், அதற்கு ட்ரை என்று பெயர். முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் கொடுக்கலாம். ஆறு முறை நம்மை மடக்கிவிட்டால் பந்து அவர்கள் கைக்குப் போய்விடும். இது கபடியா, மூட்டை தூக்கும் வேலையா என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

நாளை பள்ளி திறக்கிறது. மகள் நிறைமதி மூன்றாம் வகுப்பு. லீவில் வளர்ந்துவிட்டாள், பாவாடையின் மடிப்பைப் பிரித்துத் தைத்தேன். முழங்கையில் தோல் உரிந்த இடம் ஊசி குத்தும்போதெல்லாம் எரிந்தது.

ஜூன் 4, புதன்

பிரிசில்லா பயிற்சிக்கு வந்து, பந்துப் பையைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை மாநில அணியில் அவளைவிட வேகமாக ஓடியவள் கிடையாது. கோவையில் ஓர் ஆட்டத்தில் முழங்கால் பிசகி உள்ளே எல்லாம் கிழிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு உதவி கேட்டு நானும் அவளும் பழைய ரக்பி சங்கத்தின் வாசலில் போய் நின்றோம். நீங்கள் விளையாட்டின் மீதுள்ள நேசத்தால் ஆடுகிறவர்கள், இதற்கெல்லாம் எங்களிடம் வழியில்லை என்றார் செயலாளர். நேசம் என்ற சொல்லை அவ்வளவு அசிங்கமாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவளுடைய கால் இன்னும் முழுதாக நீளவில்லை.

அன்றைக்குத்தான் இந்த லீக் பிறந்தது. ஆடுகிறவளுக்குச் சம்பளம், அடிபட்டவளுக்கு வைத்தியம். முதல் விதியைப் பிரிசில்லாதான் எழுதினாள். தலையில் அடிபட்டவள் டாக்டர் சீட்டு இல்லாமல் களத்துக்குள் வரக் கூடாது, வெளியே உட்கார்ந்திருக்கும் நாளுக்கும் சம்பளம் உண்டு. இப்போது அவள் எங்கள் அணியின் மேலாளர். நொண்டிக்கொண்டே ஓடுகிறாள், எங்களையும் ஓட வைக்கிறாள்.

ஜூன் 11, புதன்

பழைய சங்கம் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு ஆயுள் தடை. அதோடு விட்டிருந்தால் சிரித்திருப்போம். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியவர்களின் பெயர்களை அவரவர் அலுவலகத்துக்கு எழுதப் போகிறார்களாம்.

எங்கள் அணியில் அப்படி வேலை வாங்கியவர்கள் பாதிப் பேர். ஆயுதப்படையில் கான்ஸ்டபிளாக இருக்கும் கோகிலவாணி, ரயில்வேயில் இருவர், இன்னும் சிலர். நானும்தான். மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். போன வருஷமே முறைப்படி அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தேன். சரி என்றும் வரவில்லை, கூடாது என்றும் வரவில்லை.

பயிற்சியில் யாருக்கும் மனசு பதியவில்லை. எல்லோரையும் உட்காரவைத்து, நமக்கு வேலை கொடுத்தது சர்க்கார், சங்கம் இல்லை என்றேன். கோகிலவாணி தலையாட்டினாள். அவள் தலையாட்டியது எனக்குத் திருப்தியாக இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. துறைமுகம் முழுக்க டீசல் வாசனை. என் கணவர் தணிகை ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக். இரண்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்து ஃபேன், மிக்சி என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவருக்கு இன்று மூச்சு வந்தது. எங்களுக்கு இந்த வாரம் ஆட்டம் இல்லை. வஞ்சிரம் வாங்க மனசு வந்தது, விலையைக் கேட்டதும் சங்கராவோடு திரும்பினேன்.

ஜூன் 22, ஞாயிறு

காசிமேடு 14, அம்பத்தூர் 12. கடைசி நிமிஷத்தில் அவர்களுடைய பெரிய ஆளைக் கோட்டுக்கு ஒரு முழ தூரத்தில் நான்தான் மடக்கினேன். அவளுடைய முழங்கால் என் நெற்றிப்பொட்டில் மோதியது. கண்ணில் பூச்சி பறந்தது, அவ்வளவுதான். பிடியை விடவில்லை.

பிரிசில்லா ஓடிவந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். என்ன கிழமை, யாரோடு ஆட்டம், ஸ்கோர் என்ன. மூன்றுக்கும் சரியாகச் சொன்னேன். ஸ்கோர் பலகை என் எதிரில்தான் இருந்தது.

ஜூன் 23, திங்கள்

தலைவலி. வெயில் அப்படி.

ஜூன் 26, வியாழன்

ஆபீஸில் டியூப்லைட்டை மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது, கண்ணைக் குத்துகிறது. பக்கத்து சீட்டில் கேட்டால் அதே பழைய லைட்தான் என்கிறார்கள்.

குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். தணிகை தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார். மதியம் வாந்தி. நேற்றைய நெத்திலி சரியில்லை. மற்ற இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

மெமோ வந்துவிட்டது. கண்காணிப்பாளர் சம்பந்தம் சார் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கையில் கொடுத்தார். அனுமதியில்லாமல் ஊதியம் பெற்று வெளி அமைப்பில் ஆடியது நடத்தை விதிகளுக்கு முரண், விளக்கம் தரவும். கெட்டவர் இல்லை. போன வருஷம் நாங்கள் ஜெயித்தபோது ஆபீஸ் முழுவதற்கும் தன் கையால் மைசூர்பாகு கொடுத்தவர். இப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒரு வருத்தக் கடிதம் கொடுத்தால் மேலே பேசி முடித்துவிடலாம் என்றார்.

எதற்காக வருந்த வேண்டும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அனுமதி கேட்டது, பதில் வராதது எல்லாவற்றையும் விளக்கமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போது எங்கள் அலுவலகத்தின் முகவரி ஞாபகம் வரவில்லை. முத்திரையைப் பார்த்து எழுதினேன்.

ஜூலை 3, வியாழன்

கோகிலவாணி போய்விட்டாள். தம்பிக்கும் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்களாம், வீட்டில் அழுகிறார்களாம். என் முகத்தைப் பார்க்காமல் ஜெர்சியை மடித்து நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனாள். திட்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொன்னேன். மனசுக்குள் நான் திட்டினேன்.

ஜூலை 5, சனி

கோகிலவாணி போய்விட்டாள். ஜெர்சியை நாற்காலிமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல்.

முந்தைய பக்கத்தைப் பார்த்தேன். இதை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். தூக்கம் போதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காசிமேடு 6, அடையாறு 28. ரயில்வேக்காரிகள் இருவரும் வரவில்லை. பதினோரு பேரோடு ஆடினோம். லீக் விதிப்படி பத்துப் பேர் இருந்தால் போதும், ஆட்டம் செல்லும். அடையாறு அணியின் பயிற்சியாளர் கைகுலுக்கும்போது பரிதாபமாகப் பார்த்தார். பரிதாபத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லிவிட்டேன் என்கிறாள் பிரிசில்லா. சொல்லியிருந்தால் நல்லதே.

ஜூலை 13, ஞாயிறு

ஆட்டம் சமன், 10-10, தாம்பரத்தோடு. எழுத வேறொன்றும் இல்லை. சீக்கிரம் படுக்கிறேன்.

ஜூலை 16, புதன்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

தினமும் ஆபீஸிலிருந்து வரும் வழியில் நிறைமதியை டியூஷனிலிருந்து கூட்டிவருவேன். இன்று நேரே வீட்டுக்கு வந்து, அரிசி களைந்து, உலை வைத்து, உட்கார்ந்துவிட்டேன். தணிகை வேலை முடிந்து வந்து குழந்தை எங்கே என்றார். தூங்குகிறாள் என்றேன். சொன்னபோது எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னையே பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

வெளியே நல்ல மழை. டியூஷன் டீச்சர் அவளுக்கு இட்லி கொடுத்து உட்கார வைத்திருந்தாராம். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும், நீ வரமாட்டேன்னு காலையிலயே சொல்லியிருந்தா நான் ஸ்வாதி கூட வந்திருப்பேனே என்று மட்டும் கேட்டாள்.

தணிகை டாக்டரைப் பார்க்கலாம் என்றார். எதற்கு என்றேன். மெமோ, ஆள் குறைவு, ஆபீஸ், சமையல், இவ்வளவையும் சுமக்கிற யாருக்கும் மறதி வரும். ஊரில் எத்தனை அப்பாக்கள் பிள்ளைகளை மறந்துவிட்டு நிற்கிறார்கள், அவர்களையெல்லாம் டாக்டரிடமா அழைத்துப் போகிறோம்?

ஜூலை 20, ஞாயிறு

ஆடி முதல் ஞாயிறு. தெருவில் கூழ் ஊற்றினார்கள். ஒலிபெருக்கியைத் தாங்க முடியாமல் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு நின்றேன். சரசக்கா என் சொம்பில் கூழோடு முருங்கைக்கீரையும் கருவாடும் வைத்துக் கொடுத்து, ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்றார்.

கெட்ட செய்தி. இன்று தாம்பரம் அணி ஆள் சேராமல் ஆட்டத்தைக் கைவிட்டுவிட்டது. சேனல்காரர் எல்லா அணிகளையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னும் ஓர் ஆட்டம் நின்றால் ஒப்பந்தம் முடிந்தது. சேனல் போனால் விளம்பரம் போகும், விளம்பரம் போனால் சம்பளம் போகும். பழைய சங்கம் எதிர்பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். நேசத்தால் ஆடுங்கள் என்று மறுபடி சொல்லக் காத்திருக்கிறார்கள்.

நம்மால் நிற்காது என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

காசிமேடு 8, வியாசர்பாடி 20. தோற்றாலும் முடித்தோம். இரண்டாம் பாதி எனக்குச் சரியாக நினைவில்லை, வெயில். நன்றாக ஆடினேன் என்றார்கள்.

பிரிசில்லா என்னைக் குறுகுறுவென்று பார்க்கிறாள். தலையில் அடி ஏதாவது பட்டதா என்று கேட்டாள். பட்டால் சொல்லமாட்டேனா என்று திருப்பிக் கேட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

நாளை பெரம்பூரோடு ஆட்டம். பட்டியலைப் பலதடவை எண்ணிவிட்டேன். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். மீன் கம்பெனியில் இறால் உரிக்கும் இருவர், நர்ஸ் ஒருத்தி, கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டோ ஓட்டும் வசந்தாமணி. இனி யாரும் குறையக் கூடாது. குறையமாட்டோம்.

தணிகை இன்று என் காலணியை ஒளித்துவைத்திருந்தார். பரண்மேல் ஐஸ்பெட்டிக்குள். எல்லாவற்றையும் மறக்கிறவள் என்று நினைத்தார் பாவம், அவர் எங்கே ஒளிப்பார் என்பது எனக்கு மறக்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன். பாதி என் நினைவு, மீதி பிரிசில்லா சொன்னது. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆடிப்பெருக்கு என்பதால் நல்ல கூட்டம். பத்துப் பேரும் வந்தோம். பெரம்பூர் பதின்மூன்று பேரோடு நின்றது. முதல் பாதி முடியும் நேரம் அவர்கள் 16, நாங்கள் 6. நான் யாரையோ மடக்கினேன். தலை அவளுடைய இடுப்பில் இடித்தது, பலமாகக்கூட இல்லை. எழுந்தேன். எங்கள் வரிசையில் போய் நின்றேன், கைகளை விரித்து, அடுத்த மடக்குக்குத் தயாராக.

அது எங்கள் வரிசை இல்லை. பெரம்பூர்க்காரிகளின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்றது அவர்களுடைய கேப்டன் ஷாஹிதா. நான் அப்படியே நின்றிருந்தால் எங்கள் பக்கம் ஓர் ஓட்டை, அவளுக்கு இன்னொரு ட்ரை. அவள் தன் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"வல்லிக்கா, உங்க ஆளுங்க அந்தப் பக்கம் கீறாங்க."

நான் அவளைத் தள்ளிவிட்டேனாம். தெரியும் என்றேனாம். அதற்குள் பிரிசில்லா கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். ஸ்கோர் பலகைக்கு முதுகு காட்டி நிற்கும்படி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். இது முதல் பாதியா இரண்டாம் பாதியா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எத்தினி நாளாடி?" என்றாள்.

"நான் வெளிய போனா ஒம்போது பேர். ஆட்டம் நின்னுடும். சேனல் போயிடும்."

"போவட்டும். நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப யார் வந்தாங்க? அதுக்குத்தானே இத ஆரம்பிச்சோம். நீயே ஏமாத்தினா அவங்களுக்கும் நமக்கும் இன்னாடி வித்தியாசம்?"

அவள் அழவில்லை. கோபத்தில் என் தோளை விடாமல் பிடித்திருந்தாள். எனக்கும் கோபம். அவள்மேல், ஷாஹிதாமேல், கோகிலவாணிமேல், ஜன்னலைப் பார்க்கும் சம்பந்தம் சார்மேல். இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்ததை ஏன் என் கையாலேயே கீழே போடச் சொல்கிறார்கள் என்று ஆத்திரம். சுற்றிப் பார்த்தேன். நர்ஸ் வேலை பார்க்கிற எங்கள் தேன்மலர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் கேப்டன் என்பதால் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு அவள் தலையில் அடிபட்டாலும் இப்படித்தான் வாயைத் திறக்காமல் ஆடுவாள் என்று தோன்றியது. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது பழைய சங்கம் இல்லை.

நடுவரிடம் நானே நடந்து போனேன். கையைத் தூக்கினேன். எனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது, அம்பத்தூர் ஆட்டத்திலிருந்து மறைத்துவிட்டேன், வெளியே போகிறேன் என்றேன். சேனலின் மைக் பக்கத்தில் இருந்தது, ஊருக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

நடுவர் நீளமாக விசில் ஊதினார். ஒன்பது பேர். ஆட்டம் செல்லாது, வெற்றி பெரம்பூருக்கு.

கேமராக்காரர்கள் வயரைச் சுருட்டத் தொடங்கினார்கள். கூட்டத்தில் சிலர் கூச்சல் போட்டார்கள். அப்போது ஷாஹிதா தன் அணியைக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். நான்கு பெண்கள் வெளியே வந்து என் பக்கத்தில் கோட்டோரம் உட்கார்ந்தார்கள். அவள் நடுவரிடம் போய், எங்களுக்கு ஆடாத ஆட்டத்தின் புள்ளி வேண்டாம், நாங்களும் ஒன்பது பேர்தான் இருக்கிறோம், ஆடலாமா என்று கேட்டாள். ஆடினாலும் கணக்கில் சேராது என்றார் அவர். கணக்கு யார் கேட்டது என்றாள் அவள். அவர் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்.

ஒன்பதுக்கு ஒன்பது. கேமரா போய்விட்டது, கூட்டம் போகவில்லை. எனக்குத் தலையில் ஈரத்துண்டு. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். வசந்தாமணி இரண்டு ட்ரை போட்டாளாம். யார் ஜெயித்தது என்று பிரிசில்லாவிடம் இப்போது கேட்டேன். நீ நல்லபடியாக ஆகு, அப்புறம் சொல்கிறேன் என்கிறாள். தோற்றிருப்போம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரியில் படமெல்லாம் எடுத்தார்கள். டாக்டர் அம்மா சின்ன வயசுதான், நிதானமாகப் பேசினார். ரத்தக்கசிவு இல்லை, தப்பித்தீர்கள். ஆனால் ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது, அது ஆறுவதற்குள் அதற்கடுத்தது என்று வாங்கியிருக்கிறீர்கள். ஓய்வெடுத்தால் மறதியும் தலைவலியும் சரியாகும். ஆட்டம் இனி வேண்டாம்.

எத்தனை மாதம் என்று கேட்டேன்.

"மாசம் இல்லம்மா. இனிமே வேண்டாம்."

தணிகை என் கையைப் பிடித்தார். பதினாறு வயதிலிருந்து ஆடுகிறேன். படி இறங்கும்போது வாசலில் கொய்யா விற்றார்கள், நிறைமதிக்குப் பிடிக்கும், வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சேனல் ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. மற்ற ஐந்து அணிகளின் கேப்டன்களும் பிரிசில்லா வீட்டு மொட்டைமாடியில் கூடி, மீதி ஆட்டங்களை ஆடுவதா வேண்டாமா என்று பேசினார்கள். சம்பளம் பாதியாகும் என்று தெரிந்தே தாம்பரம் உட்பட எல்லோரும் ஆடுவது என்று முடிவு. மருத்துவச் செலவுக்கான நிதியில் மட்டும் கைவைப்பதில்லை.

இன்று நான் போகவில்லை, வெயிலில் நிற்கக் கூடாது. கொருக்குப்பேட்டையில் கேமரா இல்லாமல் மற்ற அணிகளின் ஆட்டம் நடந்தது. வேலியோரம் போன வாரத்தைவிடக் கூட்டம் அதிகம் என்று சரசக்கா வந்து சொன்னார். ஆட்டம் டிவியில் வரவில்லையே என்று அவர் நேரிலேயே போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாளை விசாரணை. உறுதிமொழிக் கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள், நான் கையெழுத்துப் போட்டால் போதும். பிறரின் தவறான தூண்டுதலால் அந்த லீக்கில் சேர்ந்து ஆடினேன். அதற்காக வருந்துகிறேன். இனி எக்காலத்திலும் ஆடமாட்டேன்.

தணிகை போட்டுவிடச் சொல்கிறார். சத்தம் போடவில்லை, கெஞ்சவுமில்லை. எப்படியும் நீ ஆடப்போவதில்லை, ஆடமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதில் என்ன நஷ்டம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஐஸ் ஃபேக்டரி சம்பளம் தடைக்காலத்தில் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிரிசில்லாவுக்கு ஃபோன் செய்தேன். அவள் திட்டுவாள், போடாதே என்பாள், அதைக் காரணமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். போடு என்றாள். உனக்குக் குழந்தை இருக்கிறது, தூண்டிவிட்டது நான்தான் என்று என் பெயரையே எழுதிக்கொள், எனக்குப் பறிபோக வேலையா இருக்கிறது என்றாள். ஃபோனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி சேனலில் என்னைப் பார்த்திருக்கிறார். உடம்பு எப்படி என்று விசாரித்தார். மருத்துவச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. இனி ஆடவே முடியாது என்று டாக்டரே எழுதியிருக்கிறார், அப்புறம் என்ன, கையெழுத்துப் போட்டால் இன்றோடு முடிந்தது என்றார். ஓரத்தில் நின்ற சம்பந்தம் சார் பேனாவை மூடி திறந்து என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். கடிதத்தை மறுபடி படித்தேன். முதல் வரியே பொய். என்னை யாரும் தூண்டவில்லை. இரண்டாவது வரியும் பொய். வருத்தம் இருக்கிறது, தலையில் அடிபட்டதை மறைத்ததற்கு. அதைத் தேன்மலரிடமும் பிரிசில்லாவிடமும் சொல்லிவிட்டேன், இவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது வரி ஒன்றுதான் உண்மை. அந்த ஒரு உண்மையைக் காட்டி மற்ற இரண்டையும் என்னிடம் வாங்கப் பார்க்கிறார்கள்.

பேனாவைத் திருப்பி வைத்தேன்.

"என்னம்மா, எப்படியும் ஆடப்போறதில்லையே?" என்றார் அதிகாரி.

"ஆமா சார். ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன். அது என் ஒடம்பு. ஆடுனது தப்புன்னு நீங்க சொல்றீங்க, அதுக்குக் கையெழுத்து கிடையாது."

விளைவுகள் தெரியுமா என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார். தெரியும் என்றேன். வெளியே வந்தேன். சம்பந்தம் சார் பின்னாலேயே வந்து, லிஃப்ட் வரும்வரை கூட நின்றார். இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை.

தணிகையிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் என் காலணியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டத் தொடங்கினார். அது இனி எனக்குத் தேவையில்லை என்றேன். யாருக்காவது தேவைப்படும், நல்ல தோல் என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. யூனியன்காரர் ஒருவர் பேசினார், அனுமதி கேட்டதற்கு அவர்கள் பதிலே தராததால் வழக்கு நிற்கும் என்கிறார். நிற்கட்டும், நிற்காமல் போகட்டும். நடக்கும்வரை நடப்பேன். ரயில்வேக்காரிகளில் ஒருத்தி நேற்று பயிற்சிக்கு வந்தாளாம், அவளோடு சேர்த்துப் பத்துப் பேர். கோகிலவாணி வரவில்லை.

தலைவலி குறைந்திருக்கிறது. நேற்றும் இன்றும் டியூஷனுக்கு நேரத்தில் போய் நின்றேன்.

வரும் வழியில் நிறைமதி கேட்டாள். "திங்கக்கிழம ஆபீஸ் இல்லையாம்மா?"

"இல்ல."

"அப்போ ஞாயித்துக்கிழம மேட்ச்?"

"அது இருக்கு" என்றேன்.